முள் பிடுங்கிய சரிவு

இலங்கை மலையகத்தின் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் அந்நாளில் தேயிலைக்கடியில் ஒரு களை தென்பட்டாலும் துரை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கைக் கடிந்துகொள்வார். கண்டாக்கு அதைச் சற்றும் குறையாமல் எங்கள் ஆட்களிடம் கொண்டுவந்து சேர்ப்பார். ஆகவே களையற்ற வெறும் மண்ணே நல்ல நிலம் என்ற நம்பிக்கையில்தான் நான் வளர்ந்தேன்.

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், தேயிலை முடியுமிடத்தில், எங்கள் பசு மேயும் சிறு புற்சரிவு இருந்தது. மெல்லிய புல்லும் முரட்டு மானாப்புல்லும் முட்செடிகளும் பெயரறியாக் கொடிகளும் ஒன்றையொன்று நெருக்கிக் கிடந்தன. பசு விரும்பியது மெல்லிய புல்லை மட்டுமே. அம்மாவுக்குச் சுரப்பு நின்றுவிட்டதால் பசுவின் பால்தான் கைக்குழந்தையான தம்பிக்கு உணவு.

அப்பா திருச்சிப் பக்கம் ஊருக்குப் போயிருந்தார். எட்டு வயதான எனக்கு ஒரு யோசனை உதித்தது: மற்றவற்றைப் பிடுங்கிவிட்டால் நல்ல புல் மட்டும் நிற்கும், பால் பெருகும். களை வெட்டும் மாமாவின் சுரண்டியை எடுத்துக்கொண்டேன். என்னைவிட நான்கு வயது மூத்த அக்கா தடுத்தாள்.

"முள்ளு அதுபாட்டுக்கு நிக்குது. ஒன்னைய என்னடா பண்ணுச்சு? அப்பா வந்தா தோலை உரிச்சிருவாரு."

நான் கேட்கவில்லை. பாதிச் சரிவு முடிந்தபோது மாமா வந்து பார்த்தார். "அடடே! கண்டாக்கு ஐயா பாத்தா மருமகனுக்கு நாளைக்கே தோட்டத்து வேலைக்குப் பேரு பதிஞ்சிருவாரு" என்று சிரித்து, மீதியை அவரே செதுக்கித் தந்தார்.

பிறகு கச்சான் காற்று வந்தது. எங்கள் பக்கத்தில் அது மழையற்ற காற்று. மெல்லிய புல் முதலில் சுருண்டது. மிஞ்சியதைப் பசு வேரோடு இழுத்தது. மண் பொடியாகிப் பறந்தது. ஓடைக்கு அப்பாலிருந்த சரிவிலும் மாடுகள் மேய்ந்தன. அங்கே முட்புதர்களின் அடியில், அவற்றின் வாய் எட்டாத இடங்களில், பச்சை மிஞ்சியிருந்தது. மானாவின் தூர்கள் மண்ணைப் பிடித்திருந்தன.

எங்கள் பசுவின் பால் பாதியாயிற்று. தம்பி அழக்கூட வலுவின்றிக் கிடந்தான். ஊரிலிருந்து திரும்பிய அப்பா சரிவில் நின்று கேட்டார்: "யாரு செஞ்ச வேலை இது?"

மாமா வானத்தைப் பார்த்தார்.

"நான்தாம்ப்பா" என்றாள் அக்கா.

அடி அவளுக்கு விழுந்தது. மறுநாள் முதல் அவள் ஓடைக்கு அப்பால் போய்ப் புல்லறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். தம்பி பிழைத்தான். மழை திரும்பிய பின்னும் அவள் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. அவளுக்குத்தான் பேர் பதிந்தார்கள்.

பலவகைச் செடிகள் கலந்து வளரும் நிலமே மேய்ச்சலையும் வறட்சியையும் தாங்கும் என்பதைப் பின்னாளில் கொழும்பில் தாவரவியல் பாடமாகப் படித்தேன். அதில் நன்றாகவே தேறினேன். சென்ற மாதம் அக்காவை அடக்கம் செய்துவிட்டு அந்தச் சரிவின் வழியாகத் திரும்பினேன். முட்செடிகள் மீண்டும் வந்திருந்தன.

அவள் அடி வாங்கிய மறுநாள் காலை, சிலேட்டைத் தூக்கிக்கொண்டு தனியே மலையேறுகையில், அவளுக்கு மட்டும் விடுமுறை கிடைத்துவிட்டதே என்று நான் பொறாமைப்பட்டேன்.