கறை எடுப்பவர்

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் துணிக் கறை எடுப்பவர் அவர். கெமிக்கல் பட்டு விரல் நுனிகள் வெளுத்திருந்தன. ஆபீஸில் என் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே என் காலரில் இருந்த மைப்புள்ளியையும் துடைத்துவிட்டார்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் சூடாகி நின்றுபோகிறது என்று பழுது பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். ஷிப்மென்ட் விவரமெல்லாம் அதில்தான். ஃபேனைக் கழற்றி, அதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் பிராசசர்மேல் புதிதாகத் தடவிவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பினால் பிராசசர் கண்ணாடியாய் மின்னியது.

"பேஸ்ட் எங்கீங்க?"

"சாம்பலா அப்பிக் கெடந்துச்சுங்க, எடுத்துட்டனுங்க."

"ஐயோ, அது இல்லாம ஃபேனை மாட்டியிருந்தா கருகிப் போயிருக்குமுங்க!"

மறுபடி பேஸ்ட் தடவினேன். அவர் அரண்டுபோனார்.

"ஏனுங்க, கறையோடயேவா மூடறீங்க?"

மூடி முடிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றார். இன்றும் பேஸ்ட் தடவியதும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.