டிரைவரம்மா வீட்டுக்காரர்

இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர் அவர். வலது கண்ணில் பார்வை போனதும் லைசென்ஸைப் புதுப்பித்துத் தர மறுத்துவிட்டார்கள். அவர் வீட்டில் முடங்கிக் கிடந்த மாதங்களில், எப்போதோ விளையாட்டாக அவரிடம் வண்டி பழகிய மனைவி, கனரக வண்டிக்கான தேர்வில் பாஸாகிவிட்டாள். வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஓட்ட ஆள் தேடினார்கள். வேலை அவளுக்குக் கிடைத்தது. பத்து வயது மகளோடும் மூட்டை முடிச்சோடும் மூவரும் அந்த ஊருக்குக் குடிவந்தார்கள். அவருக்கு ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி மடித்து டேப் ஒட்டும் வேலை அமைந்தது.

ஒரே மாதத்தில் ஊருக்கே அவளைத் தெரிந்துவிட்டது. மளிகைக்கடையில் வரிசையில் நின்றால் பிள்ளைகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தொங்கின. மாடிவீட்டு அம்மா தன் மருமகளைப் பற்றிய குறைகளையெல்லாம் அவளிடம்தான் இறக்கி வைத்தாள். அவரைப் பார்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "நீங்க டிரைவரம்மா வீட்டுக்காரர்தானே?"

அவர் சிரித்தபடி தலையாட்டுவார். வயிறு எரியும். பழைய ஊரில் லாரி ஷெட்டுக்குள் நுழைந்தால் நாலு பக்கமிருந்தும் குரல் வரும். நெடுஞ்சாலை டீக்கடைகளில் அவர் வாய் திறக்கும் முன்பே கிளாஸ் வந்துவிடும். இங்கே தொழிற்சாலையில் பக்கத்து மேஜைக்காரனுக்குக்கூட அவர் என்ன வேலை பார்த்தவர் என்று தெரியாது. ஒரு நாள் பென்சில் தேடி மகளின் பையைத் திறந்தவர், அவள் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தார். அம்மாவின் பஸ்ஸைப் பற்றி ஒன்றரைப் பக்கம். கடைசியில் ஒரு வரி: 'அப்பா பெட்டி மடிக்கிறார்.'

அதற்குப் பிறகு அவள் ஓட்டுவதில் குறை தேட ஆரம்பித்தார். வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். இங்கே கியர் போட்டால் குற்றம், பிரேக் பிடித்தால் குற்றம். பெரிய வளைவை எந்தக் கியரில் திரும்புகிறாய் என்று கேட்டார். இரண்டாவதில் என்றாள். மூன்றாவதிலேயே திரும்பலாமே என்றார். பிள்ளைகள் சரிவார்களே என்றாள். அவர் ஏற்றியதெல்லாம் சிமெண்ட். சிமெண்ட் மூட்டை சரிந்தால் அழாது. எழுந்து போய்விட்டார்.

எட்டாவது மாதம் அது நடந்தது. பின்தெருவில் ஒரு தையல்காரர் கடை வைத்திருந்தார். அவருடைய இரண்டு பெண்களும் அவள் பஸ்ஸில்தான் போனார்கள். ஒரு சாயங்காலம் அவர் இவரை நிறுத்தி, நாளைக்குக் காலையில் தெருக்கோடியில் குழாய்க்குப் பள்ளம் வெட்டப்போகிறார்கள், பஸ் உள்ளே வரவேண்டாம், பெண்களைப் பெரிய ரோட்டுக்கே கூட்டிவருகிறேன், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார். இவரும் சரி என்றார்.

வீட்டில் அவள் மறுநாளைக்கான சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போன் வந்தது. யாரோ ஒரு பிள்ளையின் தாய், புதுவீட்டுக்குச் சாப்பிட அழைத்தாள் போலிருக்கிறது. இவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

காலையில் வேலைக்குப் போகும் வழியை விட்டுவிட்டு அந்தத் தெரு முனையில் வந்து நின்றார். பஸ் உள்ளே நுழைந்தது. பாதித் தெரு தாண்டியதும் பள்ளம் தெரிந்தது. திருப்ப இடமில்லை. இரண்டு பக்கமும் ஒரு முழம்தான் மிச்சம். உள்ளே முப்பது பிள்ளைகள்.

அவள் இறங்கினாள். தெருவின் கடைசிவரை நடந்து பார்த்தாள். ஓரத்தில் நின்ற இரண்டு பைக்குகளை நகர்த்தச் சொன்னாள். பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு மெல்லப் பின்னால் எடுத்தாள். விளக்குக் கம்பத்தருகே நிறுத்தி, கொஞ்சம் முன்னே வந்து, மறுபடி பின்னால் போனாள். எதையும் ஒரே இழுப்பில் எடுக்கவேண்டும் என்றுதான் அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படி எடுத்திருந்தால் கம்பத்தில் உரசியிருக்கும். அது அவருக்குத் தெரிந்தது. ஒரு கீறல் விழாதா, ஒரே ஒரு கீறல் என்று மனசு கிடந்து தவித்தது.

கீறலே இல்லாமல் பஸ் வெளியே வந்தது. அவருக்கு நெஞ்சு தொய்ந்துபோனது. எதற்காகத் தொய்ந்தது என்று புரிந்தபோது, தன்னைப் பார்த்துத் தானே பயந்தார்.

பெண்களோடு அப்போதுதான் பெரிய ரோட்டுக்கு வந்த தையல்காரர் ஜன்னலருகே ஓடினார். "வீட்டுக்காரர்கிட்ட நேத்தே சொன்னேனேம்மா."

அவள் எதிர்ப்புறம் நின்ற கணவரைப் பார்த்தாள். "மறந்திருப்பாருங்க" என்றுவிட்டு வண்டியை எடுத்தாள்.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டார். "மறக்கல. வேணும்னேதான் சொல்லல."

"நீங்க எதையும் மறக்குற ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? கோவம்னா என்கிட்ட காட்டுங்க. உள்ள பிள்ளைங்க இருந்தாங்க."

"கோவம் இல்ல. பொறாமை."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு, "வேலையை விட்டுடட்டுமா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. "விடாதே" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. ஒரு வாரம் சாப்பாடு வைக்கவும் எடுக்கவும் தவிர அவள் அவரிடம் வாய் திறக்கவில்லை.

மறுநாளே அவர் தையல்காரரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். பிள்ளைகளைப் பெற்றவர், எப்படித் திட்டினாலும் கேட்டுக்கொள்வது என்றுதான் போனார். தையல்காரரின் முகம் இறுகியது. தன் பெண்களும் ஏறவேண்டிய வண்டி அது என்றார். அப்புறம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு கண்ணை வச்சுக்கிட்டே இவ்வளவு வயித்தெரிச்சலா? ரெண்டும் நல்லா இருந்தா தெரு தாங்காதுங்க."

பிறகு எதிர்வரிசையில் இருந்த பளபளப்பான கடையைக் காட்டினார். அது தையல்காரரின் தம்பியுடையது. கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே இந்த அண்ணன்தான். இப்போது கூட்டமெல்லாம் அங்கே. மூன்று வருஷமாக அந்தப் பக்கம் முகம் திருப்பி உட்கார முடியாமல் மெஷினையே சுவரைப் பார்க்கப் போட்டிருப்பதாகச் சொல்லி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

வேலை முடிந்ததும் அந்த ஸ்டூலில் வந்து உட்காருவது அவருக்கு வழக்கமாயிற்று. மனைவியின் பெயரால் அல்லாமல் அந்த ஊரில் அவருக்குக் கிடைத்த முதல் இடம் அது. ஒரு வருஷம் முடிந்து வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, திரும்பிப் போகலாமா என்று அவர் கேட்கவில்லை.

பொறாமை ஒழிந்துவிடவில்லை. பஸ் திரும்பும்போது பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டுக் கத்தினால் இன்னும் சுருக்கென்கிறது. அப்போது தையல்காரர் மெஷினிலிருந்து தலை தூக்காமலே, "இன்னைக்கு எப்படிங்க, அதிகமா, கொஞ்சமா?" என்று கேட்பார். இவர் யோசித்துப் பார்த்து உண்மையான பதிலைச் சொல்வார்.