இருபதுக்குக் கீழே ஒரு சத்தம்

வண்டியை முதல் கியரில் நகர்த்தியதும் டக், டக் என்று தொடங்கும். வேகம் கூடக்கூட அதுவும் விரைவாகும். முள் இருபதைத் தொட்டதும் சட்டென்று நின்றுவிடும். வேகத்தைக் குறைத்தால் மறுபடி வரும். நான் அதுவரை கேட்ட வண்டிச் சத்தமெல்லாம் வேகம் ஏற ஏற அதிகமாகிற ரகம். இது ஏறுமாறாக இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வேலூரில் மூன்றாம் கையாக வாங்கிய பழைய பிக்கப் வண்டி. திருவண்ணாமலையில் சோடா, கலர் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு போய்க் கிரிவலப் பாதைக் கடைகளுக்குப் போடுவது என் பிழைப்பு. அடி அண்ணாமலை வழியாகத் தினமும் மலையை ஒரு சுற்று சுற்றிவிடுவேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. வண்டியில் எலுமிச்சம்பழம் கட்ட விடமாட்டேன், ஆயுதபூஜைக்குப் பொட்டு வைக்கவும் விடமாட்டேன். கோயில் ஊரில் இருந்துகொண்டு அப்படி இருப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. "எல்லாரும் மாசத்துக்கு ஒருவாட்டி சுத்துறாங்க. என் வண்டி தினம் சுத்துது. புண்ணியம் அதுக்குத்தான் ஜாஸ்தி" என்று மனைவியைச் சீண்டுவேன். அவள் சிரிக்கமாட்டாள்.

அவளுக்கு அப்போது ஆறாவது மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இந்த முறை தொடக்கத்திலேயே டாக்டரம்மா நடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றியவள் வீட்டோடு இருந்தாள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு குனியவும் கூடாது என்று கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். எங்கள் இருவருக்கும் வேறு நினைப்பே இல்லை. அவள் சாமியைக் கூப்பிட்டாள், நான் மாத்திரை வேளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தச் சத்தம். பாட்டில்கள் குலுங்கும்போது ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு மெக்கானிக் பாயும் நானும் செங்கம் ரோட்டில் போய்வந்தோம். என் வயதுதான் அவருக்கும். நியூட்ரலில் உருட்டிப் பார்த்தோம், சத்தம் இருந்தது. அப்படியென்றால் இன்ஜினில் இல்லை. பிரேக்கை லேசாக அழுத்திப் பார்த்தோம், மாறவில்லை. சந்தேகத்துக்குப் பின்சக்கரங்களை இயக்கும் நீளத் தண்டின் கிராஸ் மூட்டை மாற்றினோம். சைலன்சரைக் கம்பி வைத்து இறுக்கினோம். சத்தம் அப்படியே இருந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதைப் பற்றியே புலம்புவேன்.

"எந்தப் பக்கம்ங்க கேக்குது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பின்னாடி. இடது பக்கமா இருக்கும்."

"ஓடுதில்ல? கேட்டுட்டுப் போவட்டும், விடுங்க."

நான் விடுகிற ஆளா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் பின்பக்கத்து இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் மெதுவாகச் சுற்றினார். காதுக்குப் பக்கத்திலேயே டக் என்றது. ஸ்க்ரூ டிரைவரால் சக்கரத்தின் நடுவிலிருந்த கப்பை நெம்பினார். உள்ளே ஒரு ரூபாய்க் காசு ஒன்று, நாலணா ஒன்று, கிரீஸில் ஊறிக் கறுத்துப்போன ஒரு துணித் துண்டு. மெதுவாகப் போகும்போது காசுகள் உருண்டு விழுந்திருக்கின்றன. வேகம் பிடித்தால் கப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கின்றன.

"ஒண்ணேகால் ரூவா. யாரோ வேண்டிக்கிட்டு முடிஞ்சு வெச்சது மாதிரி இருக்கு. எடுத்து பத்திரமா வைங்க" என்றார் பாய்.

"எவனோ பழைய ஓனர் பண்ண கூத்து" என்று சொல்லித் துணியைச் சாக்கடையில் எறிந்தேன். அந்தக் காசையே கொடுத்து ஒரு டீ வாங்கி இருவரும் பாதிப் பாதி குடித்தோம். அன்றைக்கு அந்த டீ எனக்கு அவ்வளவு ருசித்தது.

வீட்டுக்குப் போனதும் பெருமை தாங்கவில்லை. "கண்டுபிடிச்சுட்டேன். சக்கரத்துக் கப்புக்குள்ள ரெண்டு காசு. அதுல டீயும் குடிச்சாச்சு" என்றேன்.

அவள் கட்டிலில் என் பக்கமாகத் திரும்பினாள். "துணி எங்கங்க?" என்றாள்.

நான் துணியைப் பற்றிச் சொல்லவே இல்லை.

பிறகு எல்லாம் சொன்னாள். பிள்ளை தங்கினால் தூக்கிக்கொண்டு மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். வேண்டுதல் காசாவது மலையைச் சுற்றட்டும் என்று மஞ்சள் துணியில் முடிந்திருக்கிறாள். வண்டி தினம் சுற்றுகிறது என்று நான் சொன்னதைக் கேட்டுத்தான் அந்த யோசனையே வந்ததாம். நான் தூங்கும்போது தோசைத் திருப்பியால் கப்பை நெம்பி உள்ளே வைத்து மூடியிருக்கிறாள். அப்போது அவளால் குனிய முடிந்தது. கிரீஸ் பட்டு முடிச்சு அவிழும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேற ஒண்ணேகால் ரூவா முடிஞ்சு தரேன். இந்தவாட்டி நீங்க வெச்சுடுங்க. நம்ப வேணாம், சும்மா வெச்சா போதும்" என்றாள்.

"வண்டி என்ன உண்டியலா?" என்றேன்.

இரண்டாவது முறை அவள் கேட்கவில்லை. தலையணைக்கு அடியில் ஒரு மஞ்சள் முடிச்சு இருந்ததைப் பிறகு பார்த்தேன். நான் மனம் மாறி எடுத்துக்கொள்வேன் என்று வைத்திருந்தாள் போல. பார்த்தும் நான் அதைத் தொடவில்லை. தொட்டால் என் கொள்கை என்னாவது?

ஏழாவது மாதம் முடிவதற்குள் வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை. அழவே இல்லை.

எனக்கு இன்றும் சாமி நம்பிக்கை வரவில்லை. ஒண்ணேகால் ரூபாய் ஒரு குழந்தையைக் காப்பாற்றும் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தவளுக்குப் பிள்ளைக்காகச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். தினமும் என் வண்டி கிளம்பும்போது அவள் மனசும் கூடவே மலையைச் சுற்றி வந்திருக்கிறது. அதைப் பிடுங்கியவன் நான். திருப்பித் தர ஒரு நிமிஷம் போதும், அதையும் செய்யவில்லை. இதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை.

ஐந்தாம் நாள் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். பக்கத்து சீட்டில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேரடி வீதியில் கூட்டம். முள் பத்தைத் தாண்டவில்லை.

"சத்தம் சுத்தமா நின்னுடுச்சுங்க" என்றாள்.

குத்திக்காட்டுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. இவ்வளவு நாள் அதற்காக அலைந்தேனே, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறாள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.