மச்சான் மடித்த கேபிள்

கடுகளவு பச்சை விளக்கு ஒன்றைப் பார்த்து நீங்கள் எப்போதாவது கை தட்டியிருக்கிறீர்களா?

நான் தட்டினேன். போன திங்கட்கிழமை, எங்கள் ஓசூர் வீட்டு ஹாலில், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு. அந்த உற்சாகம் இன்னும் அடங்கவில்லை. இதை எழுதும்போதே கை பரபரக்கிறது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி ரேவதி பெங்களூரில் வேலை பார்த்தவள். மருத்துவக் காப்பீட்டு க்ளைம்களைச் சரிபார்க்கிற வேலை. விடியலில் கம்பெனி பஸ், அத்திப்பள்ளி டிராஃபிக், இருட்டிய பிறகு வீடு. மகள் பிறந்ததும் இந்த அலைச்சல் கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டாள். அவள்தான் வேலையை விட்டாள், வேலை அவளை விடவில்லை. சொந்தக்காரர் யாராவது ஆஸ்பத்திரி பில்லோடு வீட்டுக்கு வந்துவிட்டால் போதும்... வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்து, அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் வந்தவருக்குக் காபி!

இப்போது ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே இதே வேலையைச் செய்ய ஆள் எடுக்கிறது. ரேவதி விண்ணப்பித்தாள். ஃபோனில் நடந்த முதல் சுற்றைத் தாண்டினாள். அடுத்தது ஆன்லைன் தேர்வு — திங்கள் காலை பதினோரு மணிக்கு. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வேண்டும். ஒயர் இணைப்பு வேண்டும், வைஃபை கூடாது. நேரத்துக்குள் நுழையாவிட்டால் வாய்ப்பு போனதுதான், மறு தேதி கிடையாது. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் தடித்த எழுத்தில் அனுப்பியிருந்தார்கள்.

வீட்டில் இருந்தது என்னுடைய பழைய லேப்டாப் மட்டும். எனவே புது டெஸ்க்டாப் வந்து இறங்கியது. கூடவே என் மச்சான் தனபாலும் வந்து இறங்கினான்.

தனபால், ரேவதியின் தம்பி. இங்கே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் லீடர். ஃபைவ் எஸ் என்று ஒன்று உண்டு, ஓசூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: எந்தப் பொருளும் அதனதன் இடத்தில், துடைத்து, பெயரெழுதி இருக்க வேண்டும் என்கிற ஜப்பான்காரர்களின் ஒழுங்குமுறை. எல்லோரும் அதை ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். தனபால் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். அவன் வீட்டுக்கு மட்டுமா? என் வீட்டுக்கும்தான். எங்கள் சமையலறைச் சுவரில் கரண்டிகள் மாட்டும் இடத்தில் கரண்டி உருவமே வரைந்து வைத்திருக்கிறான். எந்தக் கரண்டி காணோம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடுமாம். செருப்பு விடும் இடத்தில் பாதம் வரைந்திருக்கிறது. ஒரு நாள் அவசரத்தில் மாற்றி விட்டுவிட்டு அவனிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஞாயிற்றுக்கிழமை அவன்தான் கேபிள் போட்டான். ரௌட்டர் இருப்பது ஹாலில், வாசல் கதவை ஒட்டி. கம்ப்யூட்டருக்கு நானும் அவனும் பார்த்து வைத்த இடம் படுக்கையறை மூலை, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே. வருகிறவர் கண்ணில் படாது. ஹால் ஹாலாகவே இருக்கும். மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக் கேசிங் ஒன்றைச் சுவரோடு ஒட்டி ஓடவிட்டு, அதற்குள் கேபிளைப் படுக்க வைத்தான். மூலை வந்தால் என்ன செய்வது? துணிக்கடைச் சட்டை மாதிரி கேபிளைச் செங்கோணத்தில் மடித்து, ப்ளையரால் அழுத்தி, மேலே மூடியைப் போட்டுவிட்டான். பிறகு ரசமட்டம் வைத்துப் பார்த்தான். நூல் பிடித்த மாதிரி இருந்தது. பார்த்த எனக்கே புல்லரித்தது.

மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டியாயிற்று. ஃபோட்டோ எடுத்து நாகரசம்பட்டியில் இருக்கிற மாமனாருக்கு அனுப்பியாயிற்று. அவர் பதிலுக்கு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இரண்டு க்ரேட் செந்தூரா மாம்பழம் போட்டுவிட்டார். எல்லாம் செய்தோம். ஒன்றே ஒன்றைத் தவிர... இன்டர்நெட் வருகிறதா என்று யாருமே பார்க்கவில்லை!

திங்கட்கிழமை. மகள் பள்ளிக்கூடம் போன பிறகு ரேவதி கம்ப்யூட்டரைப் போட்டாள். திரையின் மூலையில் ஒரு குட்டி உருண்டை, அதன்மேல் பெருக்கல் குறி. கேபிள் செருகவில்லை என்கிறது கம்ப்யூட்டர். செருகித்தானே இருக்கிறது?

எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் ஆண்பிள்ளை செய்கிற முதல் காரியம் என்ன? அணைத்துப் போடுவதுதான். அணைத்துப் போட்டேன். பிளக்கைப் பிடுங்கி ஊதிச் செருகினேன். மேஜைக்கடியில் தவழ்ந்து செல்ஃபோன் டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் முதுகில் கேபிள் நுழைகிற துளைக்குப் பக்கத்தில் இரண்டு விளக்குகள் இருக்கின்றன. இணைப்பு இருந்தால் அவை எரியும், மினுக்கும். இரண்டும் செத்துக் கிடந்தன.

கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன். டிரைவர் சாஃப்ட்வேர் பழசாக இருக்கும், நெட்டில் புதுசை இறக்கிக்கொள்ளுங்கள் என்றார். நெட் வருவதற்கு நெட் வேண்டும்! சரி, என் செல்ஃபோனை ஒயர் போட்டு இணைத்து அதையும் இறக்கினோம். ஊஹூம். இன்டர்நெட் கம்பெனிக்கு அடித்தேன். எடுத்ததும் கன்னடம். எங்கள் ஊர் டவரும் நாக்கும் எப்போது எல்லை தாண்டும் என்று சொல்ல முடியாது. ரேவதி ஃபோனை வாங்கிக் கன்னடத்தில் மளமளவென்று பேசினாள். உங்கள் வீட்டு வாசல்வரை லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

மணி பத்தைத் தாண்டிவிட்டது. ரேவதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதால்கூடத் தாங்கிக்கொள்வேன். அப்படி அசையாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் தாங்க முடியாது. இந்த ஒரு நாளுக்காக எத்தனை மதியத் தூக்கத்தைத் தொலைத்துப் படித்தாள் என்பது எனக்குத் தெரியும். புது கம்ப்யூட்டரே ஓட்டை, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் கத்தினேன்.

அவள் எழுந்தாள். ஆஸ்பத்திரி பில் பார்க்கும்போது வருமே, அந்த முகம் வந்துவிட்டது. என் பழைய லேப்டாப்பை எடுத்துவந்தாள். டெஸ்க்டாப்பிலிருந்து கேபிளை உருவி லேப்டாப்பில் செருகினாள். வைஃபையை அணைத்தாள். அங்கேயும் இணைப்பு வரவில்லை.

"அப்ப கம்ப்யூட்டர் மேல தப்பு இல்லங்க," என்றாள்.

அட! இது எனக்கு ஏன் தோன்றவில்லை? ஹாலுக்கு ஓடினாள், நான் பின்னாலேயே ஓடினேன். ரௌட்டரில் கேபிளை வேறு துளைக்கு மாற்றினாள். வரவில்லை. லேப்டாப்பில் வைஃபையைப் போட்டாள். ஜோராக வந்தது. அப்படியென்றால் ரௌட்டரும் யோக்கியம், கம்ப்யூட்டரும் யோக்கியம். நடுவில் இருப்பது யார்?

இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம். நூல் பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது அந்த வெள்ளைக் கேசிங்.

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? பிரச்சினை தீரவில்லை. ஆனால் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டதே! பாதி ஜுரம் இறங்கிவிட்டது.

தனபாலுக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட். ஃபோன் செய்ததும் பைக்கில் பறந்து வந்தான். கேபிள்தான் குற்றவாளி என்றதும் முகம் சுண்டிவிட்டது. அவன் கையால் போட்ட வேலையில் ரிஜக்‌ஷனா? முழுக் கேசிங்கையும் வரிசையாகக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். புதுக் கேபிள் வாங்கி வருகிறேன் என்று நான் சட்டையை மாட்டினேன். கடை திறந்திருக்க வேண்டும், அங்கே அவ்வளவு நீளக் கேபிள் இருக்க வேண்டும், நான் திரும்பி வர வேண்டும்... மணியைப் பார்த்தால் எதுவும் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

ரேவதி எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒயர கம்ப்யூட்டர்கிட்ட கொண்டாரது அப்புறம் இருக்கட்டும். கம்ப்யூட்டர ஒயர்கிட்ட தூக்கினு வாங்க."

அவ்வளவுதான்! ரௌட்டர் வாங்கியபோது கூடவே ஒரு குட்டை மஞ்சள் கேபிள் வந்ததே, அது போதுமே என்றாள். எங்கே அது? நான் என்றால் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்திருப்பேன். தனபால் லாஃப்டில் கைவிட்டு, 'கேபிள் - உதிரி' என்று லேபிள் ஒட்டிய டப்பாவை எடுத்து, மூச்சு விடுகிற நேரத்தில் அதை நீட்டினான். இனி அவனுடைய லேபிள்களைக் கிண்டல் செய்யமாட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

மூன்று பேரும் சேர்ந்து தூக்கினோம். மேஜை, மானிட்டர், கீபோர்டு எல்லாம் ஹாலுக்கு வந்தன. குட்டைக் கேபிளாயிற்றே, கீழே வைத்தால் எட்டவில்லை. வாசலோரம் மாம்பழ க்ரேட் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் சிபியூவை ஏற்றினோம். கரெண்ட் கொடுத்தாயிற்று. நான் தரையில் படுத்து, க்ரேட்டுக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்து, அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரேவதி கேபிளைச் செருகினாள். டிக்.

பச்சை!

பக்கத்திலேயே ஆரஞ்சு, மினுக் மினுக்கென்று. அப்போது தட்டியதுதான் அந்தக் கைதட்டல். தலை க்ரேட்டில் இடித்தது, வலிக்கவே இல்லை. செந்தூரா வாசனை வேறு கமகமத்தது. தனபால் என்னைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டான். அவன் என்னைக் கட்டிக்கொண்டது கல்யாணத்தன்று ஒருமுறை, அதற்குப் பிறகு இப்போதுதான்.

தேர்வு நேரத்துக்குச் சற்று முன்னால் ரேவதி உள்ளே நுழைந்துவிட்டாள். கண்காணிப்பாளர் திரையில் வந்து அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். கேமராவைத் திருப்பினாள். அந்தப் பெட்டியில் என்ன என்று கேட்டார். மாம்பழம் என்று கன்னடத்தில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்றார். நாங்கள் இருவரும் நழுவி, வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம். கதவு சாத்தப்பட்டது.

தனபாலுக்கு மனசு ஆறவில்லை. தொழிற்சாலையில் ஒரு பழுது வந்தால் 'வொய்-வொய்' போடுவார்களாம். ஏன் என்று கேட்க வேண்டும், வந்த பதிலுக்கும் ஏன் என்று கேட்க வேண்டும், அடிவேர் வரும்வரை விடக்கூடாது. படியில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்துவிட்டான். ஏன் இணைப்பு வரவில்லை? கேபிளுக்குள் கம்பி முறிந்திருக்கும். ஏன் முறிந்தது? மடித்து ப்ளையரால் அழுத்தினான். ஏன் அழுத்தினான்? கேசிங் மூடி மூட வேண்டும். ஏன் அவ்வளவு மெல்லிய கேசிங்? வெளியே தெரியக்கூடாது. கம்ப்யூட்டர் ஏன் அந்த மூலைக்குப் போனது?

கீழே தெருவில் ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எங்க உக்காந்து வேல செய்யறேன்னு அக்காவ நாம ஒரு வார்த்த கேக்கல மாமா," என்றான் தனபால்.

பாருங்கள்... கேசிங் கோணலாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். மானிட்டருக்குப் பொட்டு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தோம். பார்வைக்கு நன்றாக இருந்துவிட்டால் வேலையும் நன்றாக நடக்கும் என்று நமக்கு ஏனோ ஒரு நம்பிக்கை. யாருக்காக இத்தனையும் செய்கிறோமோ, அவரைக் கேட்பதை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்கிறோம். நம் ஊரில் எத்தனை வீடுகளில் இப்படி மூலை பார்த்து வைத்திருக்கிறார்கள்!

கதவு திறந்தது. ரேவதி சிபியூவுக்கு அடியில் இருந்த க்ரேட்டின் சந்தில் கைவிட்டு ஆளுக்கொரு மாம்பழம் எடுத்துக் கொடுத்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. தேர்வு எப்படி என்று நாங்கள் கேட்கவே இல்லை.

தனபால் உள்ளே போய் மூலைக் கேசிங்கைத் திறந்து, மடித்த இடத்தில் கேபிளை வகுந்து பார்த்தான். தலைமுடி கனத்தில் ஒரு கம்பி, இரண்டாக முறிந்து கிடந்தது. அவனுக்கு அதில் ஒரு திருப்தி. அடிவேர் சரியாக வந்துவிட்டதே.

வியாழக்கிழமை மெயில் வந்தது. தேர்வாகிவிட்டாள்! நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அன்று மாலையே தனபால் ஒரு சுருள் புதுக் கேபிளோடு வந்தான். இந்த முறை மடிக்கமாட்டேன், மூலையில் வளைத்துத்தான் விடுவேன் என்றான். படுக்கையறைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தவன், நின்று திரும்பினான்.

"எங்க வைக்கட்டும்க்கா?"

"இங்கயே இருக்கட்டும்டா. வெளிச்சம் நல்லாருக்குது. காத்தும் வருது."

வாசலை ஒட்டி, ஜன்னலோரம். யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடம். நான் நாற்காலி போட்டுக் கால் நீட்டி, வாராவாரம் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருந்த இடமும் அதுதான். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியை நானே தூக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டேன்.

ஹாலில் மேஜை, தொங்கும் கேபிள், க்ரேட்... தனபாலுக்குக் கண் கூசியிருக்க வேண்டும். ஆனாலும் எதையும் நகர்த்தவில்லை. பையிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்தான். தொழிற்சாலையில் மெஷினைச் சுற்றித் தரையில் ஒட்டுவார்களே, அந்த டேப். அக்காவின் மேஜையைச் சுற்றி நாலு பக்கமும் கோடு ஒட்டினான். ரசமட்டம் வைக்கவில்லை. உள்ளே ஆபரேட்டருக்கு மட்டும்தான் அனுமதி என்று என்னைப் பார்த்துச் சொன்னான்.

இந்த வாரப் பத்தியைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மடியில் பழைய லேப்டாப்... வைஃபைதான்!