பல்லழகரின் எண்

செயற்கைப் பல் செய்யும் அந்த லேபில் அவருக்குப் பெயர் 'பர்மிஷன்'. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவில் மட்டும்தான் இருந்தது. கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. யாருக்காவது ஒரு கோப்பு திறக்கவில்லை என்றால், "பர்மிஷன் சார், கொஞ்சம் பர்மிஷன் குடுங்க" என்று மாடிப்படி ஏறி வருவார்கள். கொடுத்ததும் இறங்கிப் போய்விடுவார்கள். இத்தனை வருடத்தில் வேறு எதற்காகவாவது அந்தப் படி ஏறி வந்தவர் ஒரே ஒருவர்தான்.

அவரைப் 'பல்லழகர்' என்பார்கள். கீழ்த்தளத்தில் கணினியில் பல் வரைபவர். மருத்துவர்கள் நோயாளியின் வாயைப் படமெடுத்து அனுப்புவார்கள்; விழுந்த பல் இருந்த இடத்துக்கு அவர் திரையில் ஒரு பல் வரைவார்; பக்கத்து அறை இயந்திரம் அதைக் கடைந்து தரும். ஊரார் வாயையெல்லாம் வரிசைப்படுத்திய மனிதருக்குச் சொந்த முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதனால்தான் அந்தப் பட்டம். சரி செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்டால், "இது நம்ம லேபுக்கு விளம்பரம் சார். இதைப் பாத்துப் பயந்துதான் பாதிப்பேர் பல்லு கட்ட வர்றான்" என்பார்.

பர்மிஷனும் பல்லழகரும் ஒருவரையொருவர் 'சம்பந்தி' என்றே அழைத்துக்கொண்டார்கள். பர்மிஷனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. பல்லழகருக்குப் பிள்ளை இல்லை. ஆனால் பல்லழகரின் கணினியை எல்லோருடைய கோப்புகளையும் வைத்திருக்கும் மாடி சர்வரோடு முதன்முதலில் இணைத்த அன்று, கம்பியின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு பல்லழகர்தான் சொன்னார்: "என் பொண்ணை உங்க பையனுக்குக் கட்டிக்குடுத்தாச்சு. இனிமே நாம சம்பந்திங்க. பாத்து நடந்துக்குங்க."

அதன்பின் கணினி கொஞ்சம் மந்தமானாலும் படியேறி வந்துவிடுவார்.

"என்ன சம்பந்தி, உங்க பையன் என் பொண்ணுகிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறானாம். காலையிலேருந்து ஒரே அழுகை."

"உங்க பொண்ணு ஒரே நேரத்துல ஊர்ப்பட்ட ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு கத்தினா, எவன் பேசுவான் சம்பந்தி? முதல்ல பாதியைச் சாத்தச் சொல்லுங்க."

"ஆமாமா, மாப்பிள்ளை வீடு. நீங்க சொன்னாச் சரிதான்."

சர்வர் இருந்த அறைதான் அந்தக் கட்டடத்திலேயே குளிர்ந்த அறை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பல்லழகர் மதியச் சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்துவிடுவார். விசிறிகளின் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டே இருவரும் சாப்பிடுவார்கள்.

ஒரு மழை மாதத்து ஞாயிற்றுக்கிழமை பல்லழகர் தூக்கத்திலேயே போய்விட்டார். நெஞ்சு என்றார்கள். பர்மிஷன் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒருவர் நிறுத்தினார், பல்லழகரின் மச்சினர்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கூட வேலை செய்யறேன்."

"ஆபீஸ்காரங்க அந்தப் பக்கம் நிக்கிறாங்க பாருங்க."

அந்தப் பக்கம் போய் நின்றார். மறுநாள் எல்லோரையும் போல வேலைக்கு வந்தார். தூரத்து உறவு ஒருவர் போனால்கூட விடுப்பு கேட்கலாம். சம்பந்தி என்று எந்தப் படிவத்தில் எழுதுவது?

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். தனி அறை வாசம். பேச்சுத் துணைக்கு ஆளில்லை. காலையில் முதல் ஆள் பர்மிஷன் கேட்டு வரும்போது தொண்டையைச் செருமிச் செருமித்தான் குரலை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. முந்தின நாள் மாலைக்குப் பிறகு அவர் பேசும் முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

இந்த நிலையில்தான் சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. பழைய பதிப்புக்கு இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அறிவிப்பு வந்திருந்தது. மேலாளர் ஒன்றுதான் சொன்னார்.

"பழைய ஆளுங்க பேரையெல்லாம் சுமந்துக்கிட்டுப் போகாதீங்க. இப்ப இருக்கிறவங்க மட்டும் போதும்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பர்மிஷன் தனியாக உட்கார்ந்து வேலையை முடித்தார். கோப்புகள் அப்படியே புது அமைப்புக்கு வந்தன. ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். பல்லழகர் பெயர் வந்த இடத்தில் கை கொஞ்சம் நின்றது. பிறகு தாண்டிப் போனது. கடைசியாக, அந்தத் திங்கட்கிழமை பல்லழகரின் இடத்துக்கு வேலைக்கு வரவிருந்த பெண்ணுக்குப் புதுக் கணக்கு ஒன்று திறந்தார்.

திங்கட்கிழமை காலை தொண்டையைச் செருமக்கூட நேரம் கிடைக்கவில்லை. இயந்திரத்தில் பல் கடைபவர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார்.

"சார், என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? பழைய பல்லு ஒண்ணுகூடத் திறக்க மாட்டேங்குது. எல்லாத்துக்கும் அந்தப் புதுப்பொண்ணுதான் சொந்தக்காரியாம்!"

"எந்தப் பொண்ணு?"

"இன்னிக்கு வந்தாளே, அவதான். வந்து நாற்காலி சூடாகல, அதுக்குள்ள மொத்தச் சொத்தையும் எழுதி வாங்கிட்டா."

கீழே போனால் ஒரே சிரிப்பும் கூச்சலும். "அம்மா தாயே, நீங்க மனசு வெச்சாத்தான் எங்களுக்கு இன்னிக்கு வேலை" என்று ஒருவர் அந்தப் பெண் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சார், நான் ஒண்ணுமே தொடலை சார். காலையில ரெண்டு புது ஃபைல் போட்டேன், அவ்வளவுதான். இதெல்லாம் எப்படி என் பேர்ல வந்துச்சுன்னு சத்தியமாத் தெரியாது."

பர்மிஷன் குனிந்து திரையைப் பார்த்தார். கடைவாய்ப் பல், கோரைப் பல், முன்பல் வரிசை என்று பல்லழகர் வருடக்கணக்காக வரைந்தவை. 'உரிமையாளர்' என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை அந்தப் பெண்ணின் பெயர். அவற்றில் சில கோப்புகள் அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது வரைந்தவை.

காரணம் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலைம்மா. மெஷினுக்கு நம்ம பேர் தெரியாது, நம்பர்தான் தெரியும். வீட்டு நம்பர் மாதிரி வெச்சுக்குங்க. ஒருத்தர் காலி பண்ணிட்டுப் போன வீட்டுக்கு இன்னொருத்தர் குடி வந்தா, பழைய ஆளுக்கு வந்த தபாலெல்லாம் புது ஆள் கையில குடுப்பாங்க இல்லையா? அந்த மாதிரி. காலி நம்பரை இந்தப் புது சிஸ்டம் உங்களுக்குக் குடுத்திருச்சு."

"யாரோட நம்பர் சார்?"

"இங்க இருந்தவரோடது" என்றார், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்து.

மற்றவர்களுக்கு இருந்த அனுமதியெல்லாம் பல்லழகரின் பெயரோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பெயர் போனதும் அதுவும் போய்விட்டது. இதற்குள் மேலாளர் வந்துவிட்டார்.

"டாக்டர் போன் மேல போன் பண்றார். நாம செஞ்ச முன்பல் உடைஞ்சுபோய் ஒருத்தர் அங்கேயே உக்காந்திருக்காராம். பழைய டிசைன் சாயங்காலத்துக்குள்ள வேணும். எல்லாத்தையும் ஆபீஸ் பேருக்கு மாத்திவிட்டுடுங்க. ஒரே வரி கமாண்டுதானே?"

"ஒரே வரிதான் சார்."

மாடிக்கு வந்து அந்த ஒரே வரியை அடித்தார். இந்தக் கோப்புறையும் இதற்குள் உள்ள எல்லாமும் இனி நிறுவனத்தின் பெயரில். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய வரி. எண்டர் விசையின்மேல் விரலை வைத்தவர், அதை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

வாயில் இருக்கும் பல்லில் யார் பெயரும் கிடையாது. அதை வைத்துக் கடித்து மெல்லுகிறவருக்கு வரைந்தவர் யார் என்று தெரியாது. மாட்டிவிட்ட மருத்துவருக்கும் தெரியாது. வீட்டில் பல்லழகரின் படம் மாட்டியிருப்பார்கள். அவர் இன்னாருக்குக் கணவர், இன்னாருக்கு அண்ணன் என்று சொல்ல அங்கே ஆட்கள் உண்டு. இந்தப் பற்களையெல்லாம் வரைந்தவர் அவர் என்று சொல்ல இந்த ஒரு பத்தியை விட்டால் வேறு இடமில்லை. விசையை அழுத்தினால், தண்ணீர் குடித்து முடிக்கும் நேரத்தில் அதுவும் துடைத்த மாதிரி ஆகிவிடும்.

அடித்த வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

பிறகு ஒரு புதுக் கணக்கு திறந்தார். முழுப் பெயர் என்ன என்று கணினி கேட்டது. அடித்தார். 'சம்பந்தி' என்றே கூப்பிட்டுப் பழகியவருக்கு அந்தப் பெயரை முழுதாக எழுதுவது வேறு யாரையோ எழுதுவது போலிருந்தது. உள்ளே நுழைய அனுமதி உண்டா என்று அடுத்துக் கேட்டது. 'இல்லை' என்று போட வேண்டும். ஆளில்லாத கணக்கைத் திறந்து வைத்தால் எவனாவது புகுந்துவிடுவான். தொழில் தெரிந்த எவரும் அப்படித்தான் செய்வார்கள். 'இல்லை' என்று போட்டார். முகத்தை ஒருமுறை கையால் துடைத்துக்கொண்டார்.

யாருக்கும் இல்லாத புது எண் ஒன்று பல்லழகருக்குக் கிடைத்தது. இனி பழைய எண்ணில் இருக்கும் கோப்புகளை அதற்கு மாற்ற வேண்டும். அதில் ஒரு சிக்கல். காலையில் அந்தப் பெண் போட்ட கோப்புகளும் அதே எண்ணில்தான் இருந்தன. இரண்டு பேருடையதையும் பிரிக்கத் தேதியைத் தவிர வேறு வழியில்லை. இந்தத் தேதிவரை உள்ளதெல்லாம் அவருடையது, அதற்குப் பிறகு அவளுடையது என்று ஒரு தேதியைக் கொடுத்தாக வேண்டும்.

கை தானாக அந்த மழை மாதத்து ஞாயிற்றுக்கிழமையை அடிக்கப் போனது.

அடிக்காமல் கோப்புகளின் தேதிகளைப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் இன்று காலைக்கும் இடையில் அந்த எண்ணில் எதுவுமே இல்லை. ஒரு மாற்றமில்லை, ஒரு பல் இல்லை, மாதக்கணக்கில் வெறுமை. அதற்குள் எந்தத் தேதியைக் கொடுத்தாலும் கணினிக்கு ஒன்றுதான்.

நேற்றைய தேதியைக் கொடுத்தார்.

எண்டர் அழுத்தியதும் பெயர்கள் மாறத் தொடங்கின. கோப்புகள் அவர் பெயரிலேயே இருக்க, லேபில் உள்ள எல்லோரும் திறந்து பார்க்கலாம் என்ற அனுமதியையும் சேர்த்துப் போட்டார். அந்தப் பெண்ணுடைய இரண்டு கோப்புகளும் அவளிடமே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு கீழே இறங்கினார்.

மருத்துவர் கேட்ட முன்பல் திரையில் சுழன்றுகொண்டிருந்தது. உதட்டைக் கடித்தபடி அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓரத்துல கொஞ்சம் மாத்தணும் சார். ஆனா சேவ் ஆக மாட்டேங்குது."

"அது அவரோடதும்மா. நீங்க பாக்கலாம், மேல எழுத முடியாது. ஒரு காப்பி எடுத்து அதுல மாத்துங்க."

"காப்பி என் பேர்ல வருமே?"

"வரட்டுமே. மாத்துறது நீங்கதானே?"

அவள் முகத்தில் காலைக்குப் பிறகு முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிவு வந்தது. "ரொம்ப அழகா வரைஞ்சிருக்கார் சார். பக்கத்துப் பல்லுல இருக்கிற தேய்மானத்தைக்கூட இதுல கொண்டுவந்திருக்கார். எப்படிப்பட்டவர் சார் அவர்?"

பர்மிஷன் திரையில் சுழலும் பல்லைப் பார்த்தபடி, "நல்லா வேலை செய்வார்" என்றார்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். பத்தியில் இருந்த பெயரைக் கண்டதும் நெற்றி சுருங்கியது.

"என்ன சார், இவர் பேர் எதுக்கு இன்னும்? அவர்தான் இல்லையே?"

"செஞ்சவர் பேர் சார். எல்லாரும் திறக்கலாம். வேலைக்கு ஒரு தடையும் இல்லை."

"தடையில்லைன்னா சரி, இருக்கட்டும். அடுத்த தடவை சிஸ்டம் மாத்தும்போது சுத்தம் பண்ணிடுங்க."

"சரி சார்."

மாலையில் எல்லோரும் கிளம்பும் ஓசை படிவழியே கேட்டது. பர்மிஷன் தன் நாற்காலியிலேயே இருந்தார். அடுத்த தடவை சிஸ்டம் மாற்றும்போது இந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நுழைய அனுமதியில்லாத ஒரு கணக்கு, யாரும் பயன்படுத்தாத ஓர் எண் என்று பார்ப்பார்கள். நல்ல வேலைக்காரராக இருந்தால் எடுத்து வீசிவிடுவார்கள். அவர்கள் இடத்தில் பர்மிஷன் இருந்தாலும் அதைத்தான் செய்வார்.

அமைப்புக் கோப்பைத் திறந்தார். பல்லழகரின் எண்ணுக்கு எதிரே, பின்னால் வருகிறவர்களுக்குக் குறிப்பு எழுத இடம் இருந்தது. எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் அந்தத் தொழிலில் யாரும் மறுபேச்சுப் பேசாத வாசகம் எதுவோ அதையே எழுதிச் சேமித்தார்:

'இந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். பயன்பாட்டில் உள்ளது.'