அப்பா தலையில் விழுந்த பலாப்பழம்

எங்கள் அப்பாவின் உச்சந்தலையில் ஒரு விரல் நீளத்துக்கு முடி முளைக்காத இடம் உண்டு. இப்போது தலை முழுக்கவே அப்படி ஆகிவிட்டதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. என் சின்ன வயதில் அவருக்கு நல்ல சுருட்டை முடி. அதற்கு நடுவில் அந்தத் தழும்பு பளிச்சென்று தெரியும். எங்கள் வீட்டில் நீதிபோதனை வகுப்பு நடந்ததெல்லாம் அந்தத் தழும்பை வைத்துத்தான். தம்பியோ நானோ சொன்ன பேச்சைக் கேட்காத நாளில் அப்பா தலையைக் குனிந்து அதைத் தொட்டுக் காட்டுவார். சின்னப் பையனாக இருந்தபோது, வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லியும் கேட்காமல், பண்ருட்டியில் ஒரு பலா மரத்தடியில் போய் உட்கார்ந்தாராம். பழம் நேராக உச்சந்தலையில் விழுந்ததாம். "பெத்தவங்க பேச்சைக் கேக்காதவன் தலையிலதான் விழும்" என்று முடிப்பார். பலா அடிமரத்தில் காய்க்கிற சாதி, அடியில் உட்கார்ந்தவனின் முதுகில் இடித்தாலும் இடிக்குமே தவிர உச்சந்தலைக்கு எப்படிப் போகும் என்றெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்பா சொன்னால் சொன்னதுதான்.

அப்பா என்றால் எனக்கு அவ்வளவு பயம். அடிக்கிற ஆளில்லை. குரல் ஒன்றே போதும். பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்து நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் ஆனவர். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் பேச்சையும் டவுன்ஷிப் பேச்சாக மாற்றிக்கொண்டார். கோபமோ பயமோ வந்தால் மட்டும் வடக்குத்து எட்டிப் பார்க்கும்.

அவருக்கு நைட் ஷிப்ட் வரும் வாரம் எங்கள் வீட்டில் ஊமைகள் குடியிருப்பது போல இருக்கும். காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தாரென்றால் சாயங்காலம் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஜன்னலில் பழைய பெட்ஷீட் தொங்கும். குக்கர் விசில் அடிப்பதற்குள் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். நானும் தம்பியும் கைஜாடையில் சண்டை போடுவோம். தம்பி பாவம், கிள்ளினால்கூடச் சத்தம் வராமல் அழக் கற்றுக்கொண்டிருந்தான். வாயை அகலத் திறப்பான், கண்ணீர் வழியும், குரல் மட்டும் வராது. எங்கள் பிளாக்கில் பல பிள்ளைகளுக்கு அந்த வித்தை தெரியும். ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா!

எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடியது. சுரங்கத்தில் சேரும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து மேலே விடுவார்கள். அது அந்த வழியாகத்தான் போகும். ஓரிடத்தில் பெரிய ரோட்டைக் கடப்பதற்காக, சுரங்கம் தோண்டிய காலத்திலேயே, வாய்க்காலைச் சிமெண்ட் குழாய்க்குள் விட்டிருந்தார்கள். எங்கள் உயரத்துக்குக் குனிந்து நடக்கலாம். தண்ணீர் கணுக்கால்வரைதான் இருக்கும். ஆனால் கடைசிப் பக்கம் குழாய் லேசாக வளையும். அதனால் தண்ணீர் உள்ளே போகிற மேல் வாயில் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் முன்னாலும் வெளிச்சம் இருக்காது, பின்னால் இருக்கிற வெளிச்சத்தையும் நம் முதுகே மறைத்துவிடும்.

அந்தக் குழாய்தான் எங்கள் விளையாட்டு. ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வந்தவர்கள் பர்மனென்ட். பயந்து நின்றவர்கள் கான்ட்ராக்ட். எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், அவள்தான் எங்களுக்கு சூப்பர்வைசர். நான் பர்மனென்ட் ஆகி நாளாகிவிட்டது. தம்பி இன்னும் கான்ட்ராக்ட். ஓடிப்பிடித்து விளையாடும்போதுகூட எல்லாருக்கும் செருப்பு எடுத்துக் கொடுக்கிற வேலைதான் அவனுக்கு. "அக்கா, என்னையும் பர்மனென்ட் ஆக்குக்கா" என்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிவான்.

அப்பா எங்களுக்குத் தடை போட்ட விஷயங்கள் எத்தனையோ. மற்ற எதற்கும் ஒரு முறைப்போடு விட்டுவிடுவார். குழாய் என்ற பேச்சு எடுத்தால் மட்டும் கண் சிவந்துவிடும். "அந்தக் கொழா பக்கம் போறத பாத்தேன், காலை ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன்" என்பார். சொல்லும்போது அடுப்பு இருக்கிற திசையை வேறு காட்டுவார். நான் என் காலைப் பார்த்துக்கொள்வேன்.

அன்றைக்கு முந்தின ராத்திரி பேய் மழை. காலையில் அப்பா தொடைவரை சேறாக வந்தார். சோறுகூடச் சரியாகச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அம்மா எங்களைக் கொல்லைப்புறம் இழுத்துப்போய் ரகசியமாகச் சொன்னாள்.

"மைன்ஸ்ல மழத்தண்ணி பூந்துகிச்சாம். ராத்திரி பூரா தண்ணியிலயே நின்னுக்கினு இருந்திருக்காரு உங்கப்பா. மூச்சு வுடாம வெளிய போய் வெளையாடுங்க. தூங்கட்டும்."

வெளியே வந்து பார்த்தால் சுள்ளென்று வெயில். எங்கள் ஊர்ச் செம்மண் எவ்வளவு மழையையும் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல இருக்கும். மழை முடிந்த கதை என்று நினைத்தோம். ஊருக்குள் பெய்த மழை அப்போதே ஓடிவிடும். சுரங்கத்துக்குள் பெய்த மழை, மோட்டாரெல்லாம் போட்டு இறைத்த பிறகு, மறுநாள் வெயிலில்தான் ஊரைப் பார்க்க வரும். சுரங்கத்துக்காரன் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அம்மா சொன்னது இரண்டு காதிலும் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. அப்பா அசந்து தூங்குகிறார் என்பது மட்டும்தான் ஏறியது. தம்பியைப் பர்மனென்ட் ஆக்க அதைவிட நல்ல நாள் கிடைக்குமா?

"தம்பிய முன்னால விடுட்டி, நீ பின்னால போ. இல்லாட்டி பாதியில திரும்பி ஓடியாந்துருவாம்லா" என்றாள் சூப்பர்வைசர் அக்கா. அவள் மேல் வாயிலேயே காவலுக்கு நின்றுகொண்டாள்.

உள்ளே போனோம். தம்பி இரண்டு கையாலும் சுவரைத் தடவிக்கொண்டு போனான். அவன் மூச்சு எனக்குக் கேட்டது. "வந்துருச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனான். "பாதி பர்மனென்ட் ஆயிட்டடா" என்றேன். அவன் சிரித்தான். இருட்டில் அந்தச் சிரிப்பு சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

முதலில் மாறியது சத்தம்தான். கணுக்காலில் சலசலத்துக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று பேச்சை நிறுத்தியது போல இருந்தது. பின்னாலிருந்து ஒரு உறுமல் வந்தது. லாரி போகிறது என்று நினைத்தேன். மறு நிமிடம் தண்ணீர் என் முழங்காலைத் தள்ளியது. எங்கோ தூரத்தில் அக்காவின் குரல், "ஏட்டி, தண்ணி வருதுட்டி! வெளிய வாங்கட்டி!" என்று கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அவள் ஓடிப்போய்த் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது பிறகுதான் தெரிந்தது.

திரும்பி நடக்கப் பார்த்தேன். தண்ணீர் விடவில்லை. முன்னால் போகலாமென்றால் தம்பிக்கு இடுப்புவரை வந்துவிட்டது, கால் வழுக்கியது. அவனைச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றேன். சேறும் இரும்பும் கலந்த ஒரு நாற்றம். தலைக்கு மேல் ரோட்டில் பஸ் போவது அதிர்கிறது. அதில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் எங்களைத் தெரியாது. செத்துப்போவோம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்குத் தோன்றியது.

தம்பி "அம்மா" என்று கத்த வாயைத் திறந்தான். நான் சட்டென்று அவன் வாயைப் பொத்தினேன்.

"சத்தம் போடாதடா. அப்பா தூங்கறாரு."

வீடு எங்கே இருக்கிறது, நாங்கள் எங்கே இருக்கிறோம்! ஆனாலும் அதைத்தான் சொன்னேன். அவனும் தலையாட்டினான். என் உள்ளங்கைக்குள் வாயைத் திறந்துகொண்டு, அந்த இருட்டில், அந்தத் தண்ணீரில், சத்தமில்லாமல் அழுதான். நானும் அப்படியே அழுதேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. தண்ணீர் அவன் நெஞ்சைத் தொட்டபோது கீழ் வாய்ப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"பாப்பா!"

அப்பா. தப்பித்தோம் என்று எனக்குத் தோன்றவில்லை. மாட்டிக்கொண்டோம் என்றுதான் தோன்றியது. அடுப்பு ஞாபகம் வந்தது. தம்பியின் வாயை இன்னும் இறுக்கினேன்.

"பாப்பா! உள்ளதான இருக்கறீங்க? கத்துடி!"

நான் மூச்சுவிடவில்லை. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் குரல் ஒருவிதமாக உடைந்தது. அப்பாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

"அடிக்க மாட்டேன்டி. ஆத்தா சத்தியமா அடிக்க மாட்டேன். வாயத் தொறந்து கத்துடி!"

"அப்பா" என்றேன். பூனைக்குட்டிக்கு இருக்கிற குரல்கூட வரவில்லை. ஆனாலும் அவருக்குக் கேட்டுவிட்டது.

"பதறாத. நான் சொல்றத மட்டும் கேளு. சோத்தாங்கை பக்கத்து செவுத்தத் தடவிக்கினே வா. ஒரு எடத்துல சிமிட்டி பேந்து பொக்கையா இருக்கும். இருக்குதா பாரு."

ஒரு கையால் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தடவினேன். வழவழவென்று பாசி. பிறகு விரல் உள்ளே போயிற்று. யாரோ அளவெடுத்துச் செய்தது போல என் கை அதில் பொருந்தியது.

"இருக்குப்பா!"

"அதைப் புடிச்சிக்கினு தம்பிய முன்னால வுடு. அது தாண்டினதும் மேல ஒரு கம்பி நீட்டிக்கினு இருக்கும். தம்பி தலைய அமுக்கு. நீயும் நல்லா குனி. தண்ணி மூஞ்சில பட்டாலும் பரவாயில்ல, நிமிந்துடாத. கம்பிய தாண்டினா வளைவு, நான் அங்கதான் இருக்கறேன்."

தம்பியின் தலையை அமுக்கினேன். நானும் குனிந்தேன். கம்பி என் பின்னலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது, ரிப்பன் அதிலேயே போய்விட்டது. நிமிரவில்லை. வளைவில் பச்சையாக வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தை அடைத்துக்கொண்டு, நெஞ்சுவரை தண்ணீரில், சட்டையில்லாமல், லுங்கியை வரிந்து கட்டிக்கொண்டு அப்பா மண்டியிட்டு இருந்தார். அவ்வளவு பெரிய உடம்பை எப்படித்தான் அங்கே நுழைத்தாரோ. முதலில் தம்பியைப் பிடுங்கினார், பிறகு என்னை.

வெளியே வந்ததும் வாய்க்கால் கரையில் எங்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு திட்ட ஆரம்பித்தார் பாருங்கள். கரையில் ஆரம்பித்தது வீட்டு வாசலில்கூட முடியவில்லை. "புத்தி இருக்குதா? பெத்தவங்க சொன்னா ஒரு பேச்சு கேக்கறதில்லையா? எங்கருந்து வந்துச்சு இந்தக் கொழுப்பு உங்களுக்கு?" அடிக்கவில்லை, சத்தியம் செய்திருந்தாரே. என் காலையும் ஒடிக்கவில்லை. அம்மாதான் அழுதுகொண்டே எனக்கு முதுகில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டுத் தலையைத் துவட்டிவிட்டாள். மத்தியானம் விழித்ததும் "புள்ளைங்க எங்க?" என்று அப்பா கேட்டாராம். வெளியே விளையாடுகின்றன என்று அவள் சொன்னாளாம். வாசலில் காய்ந்துகொண்டிருந்த தன் சேற்று பூட்ஸை ஒரு நிமிடம் பார்த்தாராம், அடுத்த நிமிடம் ஆளைக் காணோமாம்.

விஷயம் எட்டிவிட்டது போல. சாயங்காலம் வடக்குத்திலிருந்து அத்தை வந்துவிட்டாள். அப்பாவுக்கு மூத்தவள். அப்பா அப்போதும் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"ஏண்டா, தொண்டத்தண்ணி வத்தறாப்பல புள்ளைங்கள திட்டிக்கினு கெடக்கற? நீ மட்டும் அந்த வயசுல..."

"அக்கா, காபி ஆறுது. குடி" என்றார் அப்பா.

அத்தை காபியை எடுத்தாள். குடிக்காமல் அப்பாவின் தலையையே பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. எங்களுக்காக அழுகிறாள் என்று நினைத்து நானும் மறுபடி அழுதேன்.

பொழுது சாய்ந்ததும் அப்பா நைட் ஷிப்டுக்குக் கிளம்பினார். கூரான கம்பி, அப்பா மண்டியிட்டிருந்த இடத்துக்கு அவ்வளவு பக்கம். அந்த நினைப்பு என் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. பூட்ஸ் கயிறு கட்ட அவர் குனிந்தபோது உச்சந்தலை என் முகத்துக்கு நேராக வந்தது. தொட்டுப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

"அப்பா, அந்தக் கம்பி உங்க தலையில படலியேப்பா?"

அப்பா கயிற்றை முடிச்சுப் போட்டார். எழுந்தார். ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"இல்லம்மா" என்றார். "இந்தத் தடவ படல."

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஏற்கெனவே பலாப்பழம் விழுந்த தலை, இதில் கம்பியும் பட்டிருந்தால் என்ன ஆவது என்று சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். மறுநாளிலிருந்து, எங்கள் தெருமுனையில் இருந்த பலா மரத்தைத் தாண்டும்போதெல்லாம் தம்பியின் தலையில் என் இரண்டு கையையும் வைத்து மூடி, நன்றாகத் தள்ளியே கூட்டிப் போனேன்.