ஓராள் பங்கு

அன்றைக்கு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் இருந்தவர்கள்: பெயர் பதிய வந்த கிராம சேவகர், நிவாரண லொறியின் சாரதி, அதே லொறியில் வந்த மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, வரிசை வீடான எங்கள் லயத்தின் பன்னிரண்டு காம்பராவுக்கும் வீட்டுக்கொருவராகப் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டில் நான் ஒருத்தி. என் தங்கச்சி அங்கே இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அவள் அந்நேரம் மேல் டிவிசனில், சேற்றுக்குள் தன் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். நாலு நாளுக்கு முன் அவர்கள் லயத்தின் மேல் மலை சரிந்திருந்தது. பகல் நேரம் என்பதால் எல்லோரும் தப்பிவிட்டார்கள். அந்த லயத்து ஆட்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். தங்கச்சி மட்டும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவள் புருசன் கொழும்பில் கடை வேலையில் இருந்தான். தெரணியகலை ரோடு உடைந்து கிடந்ததால் அவன் வர வழியில்லை.

எனக்குப் புருசன் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. ஆறு வருஷமாக என் காம்பராவில் நான் உருட்டும் சட்டி பானைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. பிள்ளைகள் வந்ததும் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் சந்தோசப்படும்போதே செலவை எண்ணிப் பார்க்கும் ஆள் நான். மழையில் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை, நாலு வயிற்றுக்கு எங்கே போவேன் என்று நாலு நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரிசையில் எனக்கு முன்னால் பக்கத்துக் காம்பரா அக்கா நின்றாள். வீட்டில் ஐந்து பேர். ஆறு என்று எழுத வைத்தாள்.

“யாரு அந்த ஆறாவது?” என்று குசுகுசுத்தேன்.

“மருமக வயித்துல இருக்குல்ல, அதையும் சேத்துக்கிட்டேன். அது மட்டும் பட்டினி கெடக்கணுமா?”

“பின்னால சம்பளத்துல புடிப்பாங்களே அக்கா?”

“புடிச்சா புடிக்கட்டும்டி. மொதல்ல திம்போம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண்ணெல்லாம் கணக்கப்பிள்ளையின் கக்கத்தில் இருந்த செக்ரோல் புத்தகத்தில் இருந்தது. எங்கள் வேலை நாளும், சம்பளமும், சம்பளத்தில் பிடிப்பதும் எல்லாம் அந்தப் புத்தகத்தில்தான். நான் கலியாணமாகி வந்த புதிதில் இதேபோல ஒரு பெருமழை. அப்போது தோட்டத்தில் அரிசியும் மாவும் கொடுத்தார்கள். கொடுக்கும்போது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு தலைக்கு இவ்வளவு என்று மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். மூன்றாம் மாதம் என் புருசன் கையில் வெறும் துண்டுச் சீட்டோடு ஆபிசிலிருந்து திரும்பி வந்தது எனக்கு மறக்கவில்லை. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அந்தச் சீட்டை வாசிக்கத் தெரியும்.

என் முறை வந்தது. கிராம சேவகர் தலையைத் தூக்காமலே, “கீ தெனெக் இன்னவாத?” என்றார் சிங்களத்தில். எத்தனை பேர் என்று கேட்கிறார்.

தலைக்கு இவ்வளவு என்றால் நாலு தலைக்கு எவ்வளவு? எனக்குக் கணக்கு ஓடவில்லை, நாக்குத்தான் ஓடியது.

“மம விதரய், மாத்தயா.” நான் மட்டும்தான் என்றேன்.

கணக்கப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். “ஒன் தங்கச்சி புள்ளைங்களோட வந்திருக்குன்னாங்களே?”

“அது போயிருச்சுங்க.”

“தனியமத?” என்று கிராம சேவகர் இன்னொரு தரம் கேட்டார். தனியாகத்தானா?

“ஒவ்” என்றேன். ஆமாம்.

ஒரு பொலித்தீன் பை கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, சீனி, ஒரு டின் மீன். பக்கத்துக் காம்பராவுக்குக் கிடைத்த சாக்கை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தங்கச்சி பொழுது சாயத் திரும்பினாள். அட்டை கிடைக்கவில்லை. சின்னவனுடைய ஒரு கால் சப்பாத்து மட்டும் கிடைத்திருந்தது. பையைப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் இவ்வளவுதானா அக்கா?”

“இவ்வளவுதான்.”

அந்நேரம் பார்த்துச் சின்னவன் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஓடி வந்து, “பெரியம்மா, அவங்க வீட்டுல சாக்கு நெறைய அரிசி!” என்றான். தங்கச்சி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பையிலிருந்துதான் நாலு பேருக்கும் கஞ்சி வைத்தேன்.

மறுநாள் காலையில் அவளே கிராம சேவகரைத் தேடிப் போனாள். அவர் புத்தகத்தை விரித்துக் காட்டியிருக்கிறார். அவள் லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பதிந்தாயிற்று. அங்கே அவள் இல்லை. இங்கே, அவளுடைய அக்காவே ஓராள் என்று சொல்லிவிட்டாள். புத்தகப்படி லிஸ்ட் மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குப் போய்விட்டது, இனி மாற்ற ஏலாது.

வந்து வாசலில் நின்றாள். “ஏன் அக்கா?”

“சம்பளத்துல புடிப்பாங்கன்னு பயந்துட்டேன்டி.”

“புடிச்சா எவ்வளவு புடிப்பாங்க? நான் வேலை செஞ்சு குடுக்க மாட்டேனா?” குரல் உயரவில்லை. “அட்டையும் போச்சு. வீடும் போச்சு. நானும் புள்ளைங்களும் உசுரோட இருக்கோம்னு ஒரு எடத்துலயாவது எழுதியிருக்கும். அதையும் அடிச்சிட்டியே.”

பிறகு இடுப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்தாள். அவள் வீட்டிலிருந்து தப்பிய காசு அது ஒன்றுதான். பசாருக்கு நடந்து போய் முஸ்லிம் நானா கடையில் அரிசியும் பருப்பும் வாங்கி வந்தாள். ரோடு திறக்கும்வரை பதினாலு நாள் அவள்தான் வாங்கினாள், அவள்தான் சமைத்தாள். எனக்கும் சோற்றுக் கோப்பையில் போட்டு வைத்துவிட்டு, பிள்ளைகளோடு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாவது தடவையும் லொறி வந்தது. எனக்கு மறுபடியும் ஓராள் பை. வாங்கிக்கொண்டு நடந்தபோது கால் கூசியது.

ரோடு திறந்ததும் அவள் புருசன் வந்து, றக்வானைப் பக்கம் தன் ஆட்கள் இருக்கிற தோட்டத்துக்கு அவர்களைக் கூட்டிப் போனான். போகும்போது காம்பராவைக் கூட்டிப் பெருக்கி, பிள்ளைகள் சுவரில் கரியால் கிறுக்கியதையும் துடைத்துவிட்டுப் போனாள். துடைக்காமல் விட்டிருக்கலாம்.

சம்பள நாளில் சீட்டை வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தேன். பிடித்தது முன்பணம், கோயில் காசு, மரணச் சங்கம், தேத்தூள். அரிசி இல்லை. மறந்திருப்பார்கள் என்று நினைத்துக் கணக்கப்பிள்ளையிடமே போனேன்.

“நிவாரண அரிசி இன்னும் போடலிங்களே?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அது தோட்டத்துச் சாமானா? சும்மா குடுத்தது. ஆள் அடையாளம் காட்டத்தானே நான் அங்க நின்னேன். புடிங்கன்னு வந்து கேட்ட ஆளு இந்தத் தோட்டத்துலயே நீ ஒருத்திதான்!”

ஆபிசில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் விரல் வைத்துத்தான் வாசித்தேன். இல்லைதான்.

கடை நானாவிடம் கேட்டேன். அந்தப் பதினாலு நாளில் தங்கச்சி வாங்கியது ஆயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்க்கு என்றார். நாலு தலை என்று நான் சொல்லியிருந்தால் அவள் அந்த முடிச்சை அவிழ்த்திருக்கவே வேண்டாம். தீபாவளி முன்பணம் எடுத்ததும் மூன்று பஸ் மாறி றக்வானைக்குப் போனேன். தேத்தண்ணி தந்தாள். மழையைப் பற்றிப் பேசினாள். காசை நீட்டினேன்.

“வெச்சுக்க அக்கா. ஓராளுக்கும் செலவு இருக்கும்ல.”

அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம், மூத்தவளின் பள்ளிக்கூடக் கொப்பிக்குள் ஐந்நூறு ரூபாயை வைத்துவிட்டு வந்தேன். அது திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஆளும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. இரண்டு தரம் ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன், இரண்டு தரமும் எண்ணிக்கை குறையாமல் என்னிடமே வந்தது. மிச்சக் காசு சீனி டின்னில் தனியாக இருக்கிறது. தங்கச்சிக்கு நான் இன்னும் தர வேண்டியது எண்ணூற்று எண்பது ரூபாய்.